காதுக்குள் செல்லும் முக நரம்பு

கண்களை இறுக மூடுங்கள்; பிறகு சிரித்துப் பாருங்கள். இவ்விரண்டையும் செய்யும் தசைகளை இயக்குவது முக நரம்பு. மூளையிலிருந்து புறப்படும் 12 இணை நரம்புகளுள் இது ஏழாவது. காதில் சீழ் பிடித்த சிலருக்கு, அந்தப் பக்கத்து முகம் செயலிழந்து வாய் கோணிவிடுகிறது. காதுக்கும் முகத்துக்கும் என்ன தொடர்பு?

முதலில் நடுச்செவியைப் பார்ப்போம். செவிப்பறைக்கு உட்புறம் உள்ள, காற்று நிறைந்த சிறிய அறை இது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் இங்கே சங்கிலிபோல் இணைந்துள்ளன. செவிப்பறையின் அதிர்வை இவை உட்செவியின் நீள்வட்டச் சாளரத்துக்குக் கொண்டு செல்கின்றன. அங்கவடியின் உயரம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். நம் உடலின் மிகச் சிறிய எலும்பு இதுவே.

முக நரம்பு மூளையை விட்டு வெளிவந்ததும், செவி நரம்போடு சேர்ந்து பொட்டெலும்புக்குள் நுழைகிறது. அதன்பின் சுமார் 3 சென்டிமீட்டர் தொலைவு குறுகிய எலும்புக் குழாயினுள் செல்கிறது. இக்குழாயை 1561-இல் விவரித்தவர் இத்தாலிய உடற்கூற்று அறிஞர் ஃபலோப்பியோ. குழாய் நடுச்செவியின் உட்சுவரில், நீள்வட்டச் சாளரத்துக்குச் சற்று மேலே பின்னோக்கிச் செல்கிறது. பிறகு கீழ்நோக்கித் திரும்பி, காதுக்குக் கீழே நரம்பை வெளியே விடுகிறது. அங்கிருந்து கிளைகள் முகமெங்கும் பரவுகின்றன.

கீழ்நோக்கி இறங்கும் வழியில் இரண்டு கிளைகள் பிரிகின்றன. முதற்கிளை ஒரு சிறு தசைக்குச் செல்கிறது. பேரொலி எழும்போது அத்தசை அங்கவடியை இழுத்துப் பிடித்து அதிர்வைத் தணிக்கிறது. அடுத்த கிளை சுத்திக்கும் பட்டடைக்கும் இடையே புகுந்து, நாக்கின் முன்பகுதிக்குச் சென்று சுவையை உணர்த்துகிறது. வாய் கோணிய ஒருவருக்குச் சுவையும் குன்றி, சாதாரண ஒலியும் பேரிரைச்சலாகக் கேட்டால், பழுது இவ்விரு கிளைகளும் பிரியும் இடத்துக்கு முன்பே உள்ளது என மருத்துவர் ஊகிக்கலாம்.

நடுச்செவியையும் நரம்பையும் பிரிக்கும் எலும்பு மிக மெல்லியது. பலருக்கு அதில் சிறு இடைவெளியும் இருப்பதுண்டு. நாட்பட்ட சீழ் நோயில் எலும்பே அரிக்கப்படலாம். அப்போது அழற்சி நரம்பைத் தொடுகிறது. வீங்கும் நரம்புக்குக் குழாயில் இடமில்லை, அது நசுங்குகிறது.

ஆகவே, காதில் சீழ் வடிந்தால் எண்ணெய் ஊற்றாதீர்கள். குச்சி விட்டுக் குடையாதீர்கள். காது மருத்துவரிடம் காட்டுங்கள். முகம் கோணுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. மூளையில் இரத்த ஓட்டம் தடைப்படுவதும் அவற்றுள் ஒன்று. எனவே யாருக்கேனும் திடீரென முகம் கோணினால், காலந்தாழ்த்தாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.