ஷிப்ட் நேரத்து மூச்சு

2021 மே 20 அன்று திருப்பூர் நெருப்பெரிச்சலை அடுத்துள்ள நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்காவில், 18 முதல் 44 வயது வரையுள்ளவர்களுக்கான கொரோனா தடுப்பூசித் திட்டத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். பொருத்தமான இடம்தான். பனியன் கம்பெனி மிஷின்களில் உட்காருபவர்களில் பெரும்பாலோர் அந்த வயதுக்காரர்கள். ஆனால் இரண்டாம் அலை அதற்குள் பலரைத் தொட்டுவிட்டுப் போயிருந்தது. ஊசி வரும் நோயைத் தடுக்கலாம். வந்துபோன நோய் விட்டுச்சென்ற மூச்சிரைப்புக்கு அது மருந்தாகாது.

“காய்ச்சல் எல்லாம் போயிருச்சுங்க, மாடிப்படி ஏறுனாத்தான் மூச்சு வாங்குது” என்ற பேச்சு இன்றும் ஒவ்வொரு ஃபுளூ பருவத்துக்குப் பிறகும் இந்தப் பகுதியில் காதில் விழுகிறது. வைரஸ் நுரையீரலுக்குள் செய்யும் வேலையைச் சென்ற வாரம் பார்த்தோம். அது கிளம்பிப்போன பின்னும் மூச்சு ஏன் சீராவதில்லை?

சும்மா இருக்கும்போது மூச்சு விடும் வேலையில் பெரும்பங்கு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் என்ற தசையுடையது. பல நாள் படுக்கையில் கிடந்தால் காலும் தொடையும் தளர்வதுபோல இதுவும் தளரும். அப்போது கழுத்துத் தசையும் தோளும் உதவிக்கு வரும். நோய் போன பிறகும் உடம்பு அந்தப் பழக்கத்தை விடுவதில்லை. மேல் நெஞ்சால் சின்னச் சின்னதாக, வேகமாக மூச்சு ஓடிக்கொண்டிருக்கும். இதில் நஷ்டம் எங்கே என்பது கட்டிங் மாஸ்டருக்குச் சட்டென்று புரியும். ஒரு சாதாரண மூச்சில் சுமார் 500 மில்லிலிட்டர் காற்று உள்ளே போகிறது. அதில் 150 மில்லிலிட்டர் மூச்சுக்குழாய்களிலேயே நின்று, ரத்தத்தைத் தொடாமல் திரும்பிவிடும். மூச்சு 300 ஆகச் சுருங்கினாலும் அந்த 150 குறையாது. பீஸ் சின்னதானாலும் வெட்டில் போகும் கழிவு அதேதான். பாதித் துணி வீண். வேகத்தைக் கூட்டி ஈடுகட்டப் பார்த்தால் களைப்புதான் கூடும்.

எனவே பயிற்சியின் நோக்கம் மூச்சை மெதுவாக்குவது. நாற்காலியில் சாய்ந்து, தோளைத் தளரவிட்டு, ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கால் இழுக்கும்போது கை உயரட்டும். உதட்டைக் குவித்து விடும்போது, இழுத்ததைப்போல இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். அடக்கிவைக்க வேண்டாம், அழுத்தி ஊதவும் வேண்டாம். சில நிமிடம் போதும், நாளில் சில தடவை. தலை கிறுகிறுத்தால், விரல் நுனி மரத்தால் அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள் என்று பொருள். நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

பலர் வீட்டில் ஷோகேஸில் நிற்கும் மூன்று பந்துக் கருவியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பந்துகள் மேலே போக வினாடிக்கு 600, 900, 1200 மில்லிலிட்டர் வேகம் தேவை. ஊதுவதற்கல்ல, உறிஞ்சுவதற்காகச் செய்தது அது. அதை வாயில் வைத்து ஊதுபவர்கள் ஏராளம். வீட்டில் யார் மூன்றாவது பந்தை ஏற்றுவது என்ற போட்டி வேறு. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்காக வந்த கருவி இது. உங்கள் வீட்டில் இது இல்லையென்றால் குறை ஒன்றுமில்லை. 2020-இல் வாட்ஸ்அப்பில் சுற்றிய ‘10 விநாடி மூச்சை அடக்கினால் கொரோனா இல்லை’ என்ற சோதனையும் வெறும் கதை. உலக சுகாதார நிறுவனமே அதை மறுத்தது. கபாலபாதி போன்ற வேக மூச்சுகள், நோயிலிருந்து எழுந்தவருக்கு அவசரப்பட்டுத் தரவேண்டியவை அல்ல.

லண்டனில் வேறொரு வழி பார்த்தார்கள். இங்கிலீஷ் நேஷனல் ஆப்பரா என்ற இசை நாடக அமைப்பு, இம்பீரியல் கல்லூரி மருத்துவமனைகளுடன் சேர்ந்து 2020-இல் ஒரு பயிற்சியைத் தொடங்கியது. கொரோனாவுக்குப் பின் மூச்சுத் திணறியவர்களுக்குப் பாடகர்கள் தாலாட்டுப் பாடக் கற்றுக்கொடுத்தார்கள். 150 பேரிடம் நடத்திய ஆய்வு 2022-இல் லான்செட் குழும இதழில் வந்தது. மனநலம் சார்ந்த வாழ்க்கைத் தரம் மேம்பட்டது. சில வகை மூச்சிரைப்பும் குறைந்தது. பெரிய அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. ஆனால் தொட்டிலை ஆட்டியபடி ஒரே மூச்சில் நீண்ட வரியை இழுத்துப் பாடத் தெரிந்த பாட்டிகள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அந்த வகுப்புக்கு ஆப்பரா வாத்தியார் தேவையில்லை.

நடமாட முடியாதவர் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே இரைப்பு, நெஞ்சுவலி, உதடு நீலம் பூப்பது, விரலில் மாட்டும் கருவி 94-க்குக் கீழே காட்டுவது: இவற்றில் ஒன்று வந்தாலும் பயிற்சியை மறந்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

இவ்வளவும் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் சில நிமிடக் கதை. மீதி நேரம் மிஷினில் போகிறது. ஓவர்லாக்கில் குனிந்து உட்காரும்போது வயிறு மடங்கி, உதரவிதானம் இறங்க இடமில்லாமல் போகும். துணி ரோலைத் தூக்குபவர் தம் கட்டித் தூக்குவார். அந்த நொடியில்தான் மூச்சை வெளியே விட வேண்டும். படியேறும்போதும் அப்படியே. இதைவிடப் பெரிய மருந்து, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, மூச்சு வாங்கும் முன்பே உட்கார்ந்துவிடுவது. ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் ஊரில் அதற்கு யார் விடுவார்கள்?

இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்கு ஒரு வழி உண்டு. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். தேறி வரும் வாரங்களுக்கு இந்தப் பணத்தைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. காண்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டில் தைக்கும் பலருக்கு அந்த அட்டையே கிடையாது. காய்ச்சல் விட்ட மறுநாளே மிஷினில் இருப்பார்கள். அவர்கள் செய்யக்கூடியது: ஒவ்வொரு கட்டு முடிந்ததும் மிஷின் மேசையில் இரு முழங்கைகளையும் ஊன்றி, முன்னால் சாய்ந்து, உதட்டைக் குவித்து ஐந்தாறு மூச்சு. சூப்பர்வைசர் கேட்டால், நூல் மாற்றுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

(தொடரும்)