பட்டணத்தில் ஏரியைக் காணோம்! துப்புக் கொடுக்கும் தெருப் பெயர்கள்

அபிராமம்,

கண்மாய் என்றால் என்ன என்று அபிராமம் பக்கத்தில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். கண்மாய் பெருகினால்தான் கலயத்தில் சோறு. மடையை அடைத்தவன், கரையை வெட்டியவன் மேல் இங்கே அடிதடி வழக்கே வரும்.

ஒரு முழு ஏரியையே காணாமல் அடித்தால் என்ன வழக்கு போடுவது? சென்னைப் பட்டணத்தில் அப்படி நடந்திருக்கிறது. ராத்திரித் திருட்டு அல்ல. பட்டப்பகலில் சர்க்காரே திட்டம் போட்டுச் செய்தது!

ஏரி மாயம்

நுங்கம்பாக்கத்தில் தொடங்கி சைதாப்பேட்டை பக்கம் வரை ஒரே நீட்டாகக் கிடந்த ஏரி அது. வெள்ளைக்காரன் வைத்த பெயரே "லாங் டேங்க்". துரைமார் அதில் படகுப் பந்தயம் விட்டார்கள். இன்றைய அண்ணா சாலை அதன் கரை ஓரமாகத்தான் போனது.

பட்டணத்தில் ஜனம் பெருத்தது. குடியிருக்க இடம் இல்லை. 1920-ல் நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923-ல் மாம்பலம் பக்கம் ஏரியை வடித்து மனை போட ஆரம்பித்தார்கள். நீதிக்கட்சி ஆட்சி நேரம். முதல் மந்திரி பனகல் அரசர் பெயரில் பூங்கா. 1925-ல் காலமான பிட்டி தியாகராயர் பெயரில் நகர். அதுதான் தி.நகர்!

திட்டம் போட்டவர்களை மோசக்காரர்கள் என்று சொல்ல முடியாது. தேங்கின தண்ணீர் என்றால் கொசு, மலேரியா, வீணாய்க் கிடக்கும் நிலம். அப்படித்தான் அந்தக் காலத்துப் படிப்பு.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

வேறு மாதிரி சொன்ன ஆளும் உண்டு. ஸ்காட்லாந்துக்காரர் பாட்ரிக் கெடிஸ். 1914-ல் இந்தியா வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் படங்கள் வந்த கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட்டது. சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்!

ஆள் சளைக்கவில்லை. வேறு படங்களைத் திரட்டி 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடத்தினார். மதுரை, தஞ்சாவூரையும் பார்த்தார். குளத்தைத் தூர்க்காதே, கொசு வந்தால் மீனை விடு, வாத்தை விடு என்பது அவர் கட்சி. தெருவை அகலமாக்க வீடுகளைச் சகட்டுமேனிக்கு இடிப்பதும் அவருக்குப் பிடிக்காது.

நம்ம சம்சாரியைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். கப்பலில் வந்தவர் பேச்சே எடுபடவில்லை, சம்சாரி பேச்சா எடுபடும்?

நுங்கம்பாக்கத்தில் ஏரி கிடந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் திறந்தார்கள்.

தண்ணீர் வந்தது

மழைக்குப் பட்டா தெரியாது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி சைதாப்பேட்டை, முடிச்சூர் என்று வீடு வீடாகப் புகுந்தது. 2021 நவம்பரில் தி.நகர் தெருக்களில் படகு விடாத குறைதான். பழைய ஏரிப் பள்ளம் ஆச்சே!

இப்போது அதிகாரிகள் பேச்சு மாறியிருக்கிறது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச் சட்டமே வந்தது. குப்பை கொட்டின பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் உலக ராம்சர் பட்டியலில் ஏறிவிட்டது.

மனை வாங்குவோர் கவனத்துக்கு

கடை, வேலை என்று பட்டணம் போய், ஆயுசுச் சம்பாத்தியத்தைப் போட்டு மனை வாங்கும் நம்ம ஊர்க்காரர்கள் வில்லங்க சர்டிபிகேட்டோடு நிற்கக் கூடாது. தாலுகா ஆபீசில் அ-பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் பார்க்கணும். ஏரி, ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

தெருப் பெயரும் துப்புச் சொல்லும். நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, லேக் ஏரியா. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு. அங்கே நின்று பார்த்தால் தெரிவது எதிர்வீட்டு மொட்டை மாடி!