பழைய டீசல் கார் மலை ஏறலையா? லோன் எடுக்கிறதுக்கு முன்னாடி இந்த அஞ்சு விஷயத்தைப் பாருங்க



போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை, சின்னசேலத்துல இருக்கிற என் சித்தப்பா பையன் போன் பண்ணினான். வீட்ல எல்லாரையும் ஏத்திக்கிட்டுக் கல்வராயன் மலைக்குக் கிளம்பியிருக்கான். கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை ஏற ஆரம்பிச்சதும் வண்டி இழுக்கல. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிச்சாலும் பின்னாடி கறுப்புப் புகைதான் வருது. டேஷ்போர்டுல மஞ்சள் இன்ஜின் லைட் வேற. கைக்குழந்தையோட வண்டியைத் திருப்பி, மெதுவா ஊருக்கு இறங்கிட்டாங்க.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டியிருக்கான். வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு, "நாலு இன்ஜெக்டரும் போச்சு, பம்ப்பையும் பார்க்கணும், 48,000 ஆகும்"னு சொல்லிட்டாங்க. பையன் சம்பளம் 27,000. ஏற்கெனவே வண்டிக்கு மாசம் 5,500 இஎம்ஐ போகுது. "அண்ணா, ஒரு ஆப்ல 50,000 பெர்சனல் லோன் அப்ரூவ் ஆயிடுச்சு, எடுத்துடவா?"ன்னு கேட்டான்.

"ரெண்டு நாள் பொறு"ன்னு சொன்னேன். அந்த ரெண்டு நாள்ல நாங்க என்ன பார்த்தோம்கிறதுதான் இந்தப் பதிவு.

பழைய டீசல் ஏன் இவ்வளவு சுலபமா கிடைக்குது?

1248 சிசி ஃபியட் மல்டிஜெட் டீசல் இன்ஜின் ஒரு காலத்துல ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோன்னு பல கார்கள்ல ஓடிச்சு. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 விதி வந்தப்போ மாருதி டீசல் கார் தயாரிக்கிறதையே நிறுத்திடுச்சு. சின்ன டீசல் கார் வேணும்னா இப்போ பெரும்பாலும் பழைய வண்டிதான். வாங்குற விலை நம்ம பட்ஜெட்டுக்குள்ள இருக்கும். வாங்கினதுக்கு அப்புறம் வர்ற செலவைத்தான் யாரும் முன்கூட்டியே சொல்றதில்லை.

முதல்ல, டீசல் இன்ஜின் எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு நிமிஷம்

டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தை அழுத்தி அழுத்தி சூடாக்கி, அந்தச் சூட்டுல டீசலைப் பீச்சி எரிய வைக்கிறாங்க. காமன் ரெயில் இன்ஜின்ல டீசல் பீச்சுற அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல போகும். உங்க கார் டயர்ல இருக்கிறது சுமார் 2 பார்தான். அதனாலதான் இன்ஜெக்டரும் பம்ப்பும் விலை அதிகம்.

ஆனா எரியறதுக்கு டீசல் மட்டும் போதாது, காத்தும் வேணும். அந்தக் காத்தைத் தள்ளுறது டர்போ. காத்து குறைஞ்சா டீசல் முழுசா எரியாம கறுப்புப் புகையா வெளிய வரும். பழுது காத்துப் பக்கமா, டீசல் பக்கமான்னு முதல்ல பிரிச்சாலே பாதிக் குழப்பம் தீர்ந்துடும்.

1. புகையோட கலரைப் பாருங்க

கறுப்புன்னா காத்து பத்தல, இல்லைன்னா டீசல் அதிகம். ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், ஈஜிஆர் வால்வு, இன்ஜெக்டர்னு வரிசையா பார்க்கணும். நீலம்னா இன்ஜின் ஆயில் எரியுது. டர்போ சீல், பிஸ்டன் ரிங் மாதிரி பெரிய செலவா இருக்கலாம். காலையில ஸ்டார்ட் பண்றப்போ மட்டும் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்தா குளோ பிளக் பக்கம் பாருங்க. சூடான பிறகும் வெள்ளையா வந்து, கூலன்ட்டும் குறைஞ்சுக்கிட்டே போனா உடனே வண்டியை நிறுத்திடுங்க.

2. காலையில முதல் ஸ்டார்ட்

ராத்திரி பூரா நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க. இன்ஜெக்டர் மோசமா இருந்தா ரொம்ப நேரம் சுத்திட்டுத்தான் ஸ்டார்ட் ஆகும், ஐடில்ல ஆடும். தம்பி வண்டி ஒரே தடவையில ஸ்டார்ட் ஆச்சு, ஐடிலும் சீரா இருந்துச்சு. ஏத்தத்துல, லோடு ஏறும்போது மட்டும்தான் பிரச்சினை. நாலு இன்ஜெக்டரும் போயிருந்தா இப்படி இருக்காதேன்னு அங்கதான் சந்தேகம் வந்துச்சு.

பழைய டீசல் வாங்கப் போறவங்களுக்கும் இதே டெஸ்ட்தான். போனதும் பானெட் மேல கை வைங்க. சூடா இருந்தா, நீங்க வர்றதுக்கு முன்னாடியே யாரோ ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்க. இன்னொரு நாள் காலையில வர்றேன்னு சொல்லிடுங்க.

3. ஸ்கேன் பண்ணுங்க, ஆனா கோடை மட்டும் நம்பாதீங்க

ஸ்டீயரிங்குக்குக் கீழ ஓபிடி சாக்கெட் இருக்கும். ஸ்கேனர் வச்சா பழுது கோடு தெரியும். தம்பி வண்டியில வந்தது பி0299. டர்போ அழுத்தம் தேவைக்குக் கீழ இருக்குன்னு அர்த்தம். ரெயில் அழுத்தம் குறைவுன்னு சொல்ற பி0087 வந்திருந்தா, டீசல் ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டர் பக்கம் போயிருக்கணும்.

பி0299 வந்துடுச்சுன்னு நேரா டர்போவை மாத்திடக் கூடாது. அழுத்தம் குறையுதுன்னுதான் கோடு சொல்லும். ஏன் குறையுதுன்னு நாமதான் தேடணும்.

4. விலை குறைஞ்சதுல இருந்து ஆரம்பிங்க

ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஹோஸ், கிளிப், வாக்வம் டியூப். இதையெல்லாம் பார்த்து முடிக்காம பெரிய பார்ட்ஸ் பக்கம் போகாதீங்க. ஊர்ல இருக்கிற ஒரு வயசான மெக்கானிக் இன்டர்கூலர் ஹோஸைக் கழட்டிக் கையில மடக்கினார். அடிப்பக்கம் நீளமா ஒரு வெடிப்பு, சுத்தி ஆயில் கறை. ஐடில்ல வெடிப்பு மூடிக்கும். ஏத்தத்துல அழுத்தம் ஏறினதும் திறந்து காத்தெல்லாம் வெளிய போயிடும்.

ஹோஸ், ரெண்டு கிளிப், கூலி எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய். அடுத்த வாரமே வண்டி வெள்ளிமலை வரைக்கும் ஏறி இறங்கிடுச்சு.

5. இன்ஜெக்டர்தான்னு சொன்னா, டெஸ்ட் கேளுங்க

ஒவ்வொரு இன்ஜெக்டர்ல இருந்தும் திரும்பி வர்ற டீசலைத் தனித்தனி பாட்டில்ல பிடிச்சு அளந்து பார்க்கிற 'ரிட்டர்ன் டெஸ்ட்' இருக்கு. ஒண்ணுல மட்டும் அதிகமா வந்தா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது அந்த ஒண்ணைத்தான். எஸ்டிமேட் குடுக்கிறவங்ககிட்ட மூணு கேள்வி கேளுங்க: எந்த டெஸ்ட்டை வச்சு இதைச் சொல்றீங்க? எழுதித் தருவீங்களா? கழட்டின பழைய பார்ட்ஸை எனக்குத் தருவீங்களா?

இப்போ நம்ம கணக்குக்கு வருவோம்

48,000 செலவு 2,600 ஆயிடுச்சு, சந்தோஷம்தான். ஆனா கதை அங்க முடியல. அடுத்த எட்டு மாசத்துல ஆயில், ஃபில்டர் சர்வீஸ் 6,500. கிளட்ச் செட் 14,000. முன்னாடி ரெண்டு டயர் 9,000. ஹோஸையும் சேர்த்தா மொத்தம் 32,100. இதுல எதுவும் ஏமாத்து இல்லை, வண்டிக்கு வயசாயிடுச்சு, அவ்வளவுதான். சாதாரண கார் இன்ஷூரன்ஸ் தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல் பழுதுக்கும் பணம் தராதுன்னு ஞாபகம் வச்சுக்கோங்க.

சரி, டீசல்ல மிச்சம் எவ்வளவு? கணக்குக்காக டீசல் லிட்டர் 93 ரூபாய், மைலேஜ் 20. பெட்ரோல் 101 ரூபாய், மைலேஜ் 16. கிலோமீட்டருக்கு 4.65 ரூபாயும் 6.31 ரூபாயும் ஆகுது. மிச்சம் 1.66 ரூபாய்.

தம்பி வேலைக்குப் பைக்லதான் போறான். கார் மாசம் 500 கிலோமீட்டர்தான் ஓடுது. மிச்சம் மாசம் 830, வருஷத்துக்குப் பத்தாயிரம்கூட முழுசா இல்லை. ஒரே ஒரு தடவை 40,000 ரூபாய் இன்ஜெக்டர் வேலை வந்தா, நாலு வருஷ மிச்சம் காலி. அதுவே மாசம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுறவருக்கு வருஷத்துக்கு 30,000 கிட்ட மிச்சமாகும். அதே செலவு 16 மாசத்துல ஈடாயிடும்.

இந்தக் கணக்கைத் தம்பிகிட்ட காட்டினேன். கொஞ்ச நேரம் பேசல. "வாங்குறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே அண்ணா"ன்னான். அவன் கேட்கல, நானும் சொல்லல. அதான் உங்களுக்காவது முன்னாடியே சொல்றேன்.

நீங்க செய்ய வேண்டியது

ஏற்கெனவே வாங்கிட்டீங்கன்னா, சம்பளம் வந்த அன்னைக்கே 2,500 ரூபாயைத் தனி ஆர்டில போடுங்க. அதுக்கு 'வண்டி உண்டியல்'னு பேர் வச்சுக்கோங்க. வருஷத்துக்கு 30,000 சேரும், தம்பிக்கு ஆன செலவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வண்டிக்கு 15 வருஷம் ஆறப்போ ஆர்சி புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்ல இருந்து அதுக்குக் கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. 2013 வண்டின்னா அது 2028ல வருது. அதையும் இப்பவே கணக்குல சேருங்க.

இன்னும் வாங்கலைன்னா, மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்கன்னு மூணு மாசம் ஒரு நோட்ல எழுதிப் பாருங்க. அதுக்கு அப்புறம் டீசலா பெட்ரோலான்னு முடிவு பண்ணுங்க.

தம்பி அந்த 50,000 லோனை எடுக்கல. வண்டியை அடுத்த பொங்கல் வரைக்கும் ஓட்டிட்டு வித்துடலாம்னு இருக்கான். உண்டியல்ல இப்போதைக்கு 10,000 இருக்கு.