நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள்

வீட்டுக்கு மரச்சாமான்கள் வாங்கப் புறப்படுகிற கிருஹஸ்தர்களில் பெரும்பாலோர், கடைக்குள் காலடி வைத்ததும் முதலில் தடவிப் பார்ப்பது மேற்பூச்சையே. அதன் வழவழப்பிலும் பளபளப்பிலும் மனத்தைப் பறிகொடுத்து, விலை கேட்டு, பேரம் பேசி, வண்டியில் ஏற்றிவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆனால் ஒரு நாற்காலி பேரன் காலம்வரை நிற்குமா, மூன்றாம் மழைக்காலத்திலேயே கிரீச்சிடத் தொடங்குமா என்பதை நிர்ணயிக்கிற அம்சங்களெல்லாம் பூச்சுக்குள்ளும், பின்புறத்திலும், அடிப்புறத்திலுமே இருக்கின்றன. வாங்குமுன் அதைக் கவிழ்த்துப் பார்ப்பதில் யாதொரு கௌரவக் குறைவும் இல்லை. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வெட்டி, அறுத்து, இழைத்து, மெருகேற்றிய பின்னரும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்குவதும் விடுவதுமாகவே இருக்கிறது. பச்சை மரம் உலரும்போது அதன் உயிரணுக்களின் உள்ளே தேங்கிய நீர் முதலில் வெளியேறும். அதுவரை மரத்தின் அளவில் மாற்றமில்லை. ஈரம், மரத்தின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 30 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கி, அணுச்சுவர்களில் ஊறியிருந்த நீரும் போகத் தொடங்கும்போதுதான் சுருக்கம் ஆரம்பமாகிறது. அதிலும் ஒரு விசேஷம்: நீளவாக்கில் மரம் சுருங்குவது அற்பம், குறுக்குவாக்கிலோ கணிசம். மிகவும் சாதுவான மரம் என்று பெயரெடுத்த தேக்கே, பச்சையிலிருந்து முற்றும் உலரும்போது, ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் சுமார் 6 சதவிகிதமும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 2.5 சதவிகிதமும் குறுகுகிறது. பலகை கோணுவதும், வெடிப்பதும், ஐப்பசி அடைமழையில் திறக்க மறுத்த மேஜை இழுப்பறை பங்குனி வெயிலில் தொளதொளவென்று ஆவதும் இந்தச் சுபாவத்தின் விளைவுகளே.

நல்ல தச்சர் இந்தச் சுபாவத்தோடு சண்டையிடுவதில்லை. அதற்கு இடம் விட்டு வேலை செய்கிறார். பழைய பீரோ ஒன்றின் கதவை அருகில் சென்று பாருங்கள். நான்கு சட்டங்களுக்கு நடுவே ஓர் அகன்ற பலகை இருக்கும். சட்டங்களின் உள்விளிம்பில் வெட்டிய காடிக்குள் அதன் ஓரங்கள் செருகப்பட்டிருக்குமேயன்றி, ஆணியோ பசையோ கொண்டு பிணைக்கப்பட்டிரா. மழைக்காலத்தில் பலகை அகன்றால் காடிக்குள் நகரும். கோடையில் சுருங்கினால் சற்றே வெளிவரும். அப்போது சட்டத்தை ஒட்டி, மெருகு படாத வெளிறிய கோடு ஒன்று மெல்லத் தலைகாட்டும். அதைக் கண்டு வேலை மோசம் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. என் அபிப்பிராயத்தில், வேலை தெரிந்தவர் கைபட்ட கதவு என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேறில்லை. அதே பலகையை நாற்புறமும் ஆணியடித்து இறுக்கியிருந்தால், சுருங்க வழியின்றி நடுவே பிளந்திருக்கும்.

இனி மூட்டுகள். நாற்காலியில் அமர்கிறவர் பின்னால் சாயும்போதெல்லாம் அவருடைய சரீர பாரம், பின்கால்களும் பக்கச் சட்டங்களும் கூடும் இரண்டே இடங்களில் நெம்புகோலாக வேலை செய்கிறது. அங்கே ஒரு சட்டத்தின் முனையை மற்றொன்றின் பக்கத்தில் ஒட்டி, ஆணியடித்து விட்டால் நிலைக்காது. ஏனெனில் மரத்தின் அறுபட்ட முனை, கட்டிவைத்த நாணல்களின் வாய்களைப்போல் திறந்திருந்து பசையை உறிஞ்சிவிடுவதால் போதிய பிடிப்பு உண்டாவதில்லை. சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, காலில் உளியால் துளை பொளித்து, அதனுள் இறுக்கிச் செருகினால், கழுந்தின் பக்கங்கள் துளையின் பக்கங்களோடு அகலமாக உரசி நிற்கும். பசை பிடிக்கும் இடமும் அதுவே. பசை காலப்போக்கில் விட்டுவிட்டாலும் கழுந்து தாங்கும். நாற்காலியின் எதிரெதிர் மூலைகளைப் பற்றி ஒருமுறை திருகிப் பாருங்கள். புதிய நாற்காலியிலேயே அசைவு தெரிந்தால் மேலே பேச வேண்டியதில்லை.

மரத்தின் ஜாதியைக் காட்டிலும் அதன் பாகம் முக்கியம். தேக்கைக் கறையான் அண்டாது என்று பொதுவாகச் சொல்லுகிறோம். அந்தப் பெருமை, தற்காப்புச் சத்துக்கள் செறிந்த வைரம் பாய்ந்த நடுப்பாகத்துக்கு மட்டுமே உரியது. பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து மிகுதியாதலால் அதனை வண்டு துளைத்துப் பொடியாக்கும். தோட்டத் தேக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மலபார் கலெக்டராயிருந்த கானொலி, 1840களில் சாத்து மேனோன் என்பவரின் உழைப்பைத் துணைகொண்டு நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டார். அத்தகைய தோட்டங்களில் மரத்தை முதிர விடவேண்டும் என்பதே முறை. இளமையில் வெட்டினால் வெள்ளை அதிகம், வைரம் குறைவு. வெள்ளைப் பகுதிக்குச் சாயமேற்றித் தேக்கு என்ற பெயரில் விற்பதும் நடக்கிறது. இழுப்பறையின் உட்புறத்தில் சாயம் பூச யாரும் சிரமப்படுவதில்லை. அதை உருவிப் பார்த்தால் உண்மை தெரியும். தேக்குக்குப் பணம் போதாதவர்கள் நன்றாக உலர்ந்த வேங்கையையோ வேம்பையோ நாடுவதில் தவறே இல்லை.

மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகைகள் இக்காலத்தில் மலிவு. உலர்ந்த அறையில் புத்தகம் அடுக்க அவை போதும். ஆனால் வெட்டிய ஓரத்தில் தண்ணீர் பட்டால் வீங்கும், வீங்கியது பழையபடி அடங்காது. ஒருமுறை கழற்றிய திருகாணி மறுமுறை அதே துளையில் சரியாகப் பிடிப்பதும் இல்லை. சமையலறைக்கு இவற்றை நான் சிபாரிசு செய்யமாட்டேன். எந்தப் பலகையானாலும், அலமாரித் தட்டின் நீளத்தை இரட்டித்து அதே நெருக்கத்தில் புத்தகம் அடுக்கினால் தொய்வு 16 மடங்காகும். பலகையின் கனத்தை இரட்டித்தாலோ தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும்.

அளவு விஷயத்தில் கடைக்காரரின் சொல்லை நம்பவேண்டாம், சொந்தக் காலையே நம்புங்கள். நாற்காலிகளின் ஆசனம் பெரும்பாலும் 16 முதல் 18 அங்குல உயரத்தில் அமைகிறது. உட்கார்ந்தவர் பாதம் தரையில் முழுமையாகப் பதியாவிட்டால், விளிம்பு தொடையை அழுத்திக் கால் மரத்துப்போகும். ஆகையால் வீட்டில் குள்ளமான பாட்டி இருந்தால் அவரையும் கடைக்கு அழைத்துச் சென்று உட்காரவைத்துப் பாருங்கள். சாப்பாட்டு மேஜையின் தளம் ஆசனத்துக்கு மேலே 10 முதல் 12 அங்குலம் இருந்தால் சௌகரியம். புறப்படுமுன் உங்கள் வாசற்கதவின் அகலத்தையும் மாடிப்படித் திருப்பத்தின் அகலத்தையும் அளந்து ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பீரோவை விலை பேசுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.