குதிரை மீது ஒரு மலைவலம்

குதிரையேற்றம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன ஐயனார் கோயில் மண்குதிரையும், செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜனின் கதையுமே. நம் பிள்ளைகளுக்கோ அவ்விரண்டும் செவிவழிச் செய்திகளாகிவிட்டன. அவர்கள் ஒரு நாளேனும் குதிரை மீதமர்ந்து இயற்கை எழிலைக் காண்பது நன்று.

உயர்ந்த பாலைநிலத்தினூடே குதிரையேறிச் செல்ல விழைவோர் லடாக் செல்கின்றனர். லே நகரம் சுமார் 11,500 அடி உயரத்திலுள்ளது. பருவமழை மேகங்களை இமயம் தடுத்துவிடுவதால் அங்கு ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் மழையே பெய்கிறது. காற்று மெலிந்த அவ்வுயரத்திலும் ஜான்ஸ்காரி இனக் குதிரைகள் தளராது நடக்கும். ஆயினும் அத்துணைத் தொலைவு செல்ல அவகாசமும் பொருளும் யாவர்க்கும் வாய்ப்பதில்லை. தாராவி, மாதுங்கா, செம்பூர்வாழ் குடும்பங்கள் ஒரே நாளில் சென்று திரும்பத்தக்க குதிரைமலை ஒன்றுண்டு. அதுவே மாத்தேரான்.

மாத்தேரானின் உயரம் சுமார் 2,600 அடி. 1850ஆம் ஆண்டில் தாணா கலெக்டராயிருந்த மாலெட் என்பார் இதனை வெளியுலகறியச் செய்தார். ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தாரின் முயற்சியால் நேரலிலிருந்து இரண்டடி அகலப் பாதையில் சிறுரயில் அமைந்தது 1907இல். அதற்கு முன் வந்தவர்கள் நடந்தோ, குதிரையிலோ, பல்லக்கிலோதான் மலையேறினர். மோட்டார் வண்டிகளுக்கு ஊருக்குள் இன்றும் இடமில்லை. ஆகவேதான் குதிரை அங்கே வெறும் வேடிக்கைப் பொருளாக அன்றி, ஊரின் போக்குவரத்தாகவே நிலைத்திருக்கிறது.

தாதரில் கர்ஜத் செல்லும் மின்வண்டியேறி நேரலில் இறங்க வேண்டும். அங்கிருந்து சிறுரயிலிலோ, வாடகைக் காரில் தஸ்தூரி வரையிலோ செல்லலாம். மழைக்காலத்தில் நேரலிலிருந்து மேலேறும் ரயில் நிறுத்தப்படும். ஆதலின் மழை ஓய்ந்தபின் செல்வதே உசிதம்.

சென்ற குளிர்காலத்தில் நாம் குடும்பத்துடன் சென்றோம். செம்மண் பாதையில், மர நிழலில் குதிரைகள் மெல்ல நடந்தன. முதலில் சேணத்தை இறுகப் பற்றி அஞ்சியிருந்த நம் மகன், ஏரிக்கரையை அடையுமுன் நிமிர்ந்து அமர்ந்தான். லூயிசா முனையில் மரங்கள் விலகவே, எதிரே பிரபல் கோட்டை மலை செங்குத்தாய் நின்றது. கீழே பள்ளத்தாக்கில் வெயில் பரவியிருந்தது. கடிவாளத்தைப் பற்றி உடன் நடந்துவந்த குதிரைக்காரரிடம் தொழிலைப் பற்றி வினவினோம். “மழையில் கூட்டம் குறையும், இதன் தீனி குறையாதே!” என்றார் அவர்.

அச்சொல் சிந்திக்கத்தக்கது. மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்ஷாவைத் தமிழ்நாடு 1973இல் ஒழித்தது. மாத்தேரானில் அதனை ஆறு மாதங்களுக்குள் ஒழிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் கட்டளையிட்டது. இழுத்தவர்கள் கைக்கே மின்ரிக்ஷா சேர வேண்டும் என்பது அதன் நோக்கம். இது வரவேற்கத்தக்கதே. எனினும் மின்ரிக்ஷா பெருகினால் தம் பிழைப்பு என்னாகும் எனக் குதிரைக்காரர்கள் கவலை கொண்டுள்ளனர். பாதையில் பதிக்கும் கற்களில் லாடமடித்த குளம்பு வழுக்கும் என்பதும் அவர்தம் முறையீடு. முதியோர்க்கு மின்ரிக்ஷா தேவை. மலைமுனைகளைச் சுற்றிக்காணக் குதிரை போதும். இரண்டிற்கும் இடமளிப்பதே நியாயம் என்பது நம் கருத்து.

செல்லும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள்: எத்தனை முனைகள், எவ்வளவு நேரம், என்ன கூலி என்பதை ஏறுமுன் பேசி முடிக்கவும், இறங்கியபின் பேரம் வேண்டாம். ஒரு குதிரையில் இரு பிள்ளைகளை ஏற்றற்க. பாதத்தின் முன்பகுதி மட்டும் அங்கவடியில் பதிந்திருக்க வேண்டும். ஏற்றத்தில் முன்சாய்ந்தும், இறக்கத்தில் பின்சாய்ந்தும் அமர்க. புண்பட்ட அல்லது நொண்டும் குதிரையை மறுத்துவிடுக. விரைந்தோட்டச் சொல்லற்க.

வாயில்லா ஜீவனுக்கும் அதனை நம்பி வாழும் குடும்பத்திற்கும் நாம் காட்டத்தக்க மரியாதை இவ்வளவே. பிள்ளைகளும் இதனைக் கண்டு கற்றுக்கொள்வர்.