உங்களுக்குத் தெரியுமா? கோட்டோவியமும் கணினி வண்ணமும்

● ஜொகூர் பாருவில் வளர்ந்த ஓவியர் போய் சீமிங், நுரைக் கோப்பைகளின்மேல் கறுப்பு மார்க்கர் பேனாவால் வரைந்து பெயர் பெற்றவர். சிறுவயது நினைவுகளைச் சொல்லும் அவருடைய ‘வென் ஐ வாஸ் எ கிட்’ நூலும் கறுப்புக் கோட்டாலேயே ஆனது. கேலிச்சித்திர ஓவியர் லாட்டின் ‘கம்போங் பாய்’ (1979) பக்கங்களும் அப்படித்தான். நல்ல கோட்டுக்கு வண்ணம் கட்டாயமில்லை. சேர்ப்பதானால், கோட்டைத் தொடாமல் சேர்க்க வேண்டும்.

● ஏ4 தாளை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் சுமார் 87 லட்சம் பிக்சல்கள் கிடைக்கும். 600 டிபிஐ-யில் அது நான்கு மடங்கு, ஏறக்குறைய மூன்றரைக் கோடி. மைக்கோட்டின் விளிம்பு படிக்கட்டாக உடையாமல் இருக்க 600-தான் வேண்டும். வண்ணம் தீட்டி முடித்தபின் சிறிதாக்கிக்கொள்ளலாம். சிறியதைப் பெரிதாக்கினால் கோடு மழுங்கிவிடும்.

● ஆண்டு முழுதும் ஈரக்காற்று வீசும் ஜொகூரில் பழைய தாள்களில் பழுப்புப் புள்ளி விழுவது சகஜம். அப்படிப்பட்ட தாளிலுள்ள படத்தை வண்ணத்தில் ஸ்கேன் செய்து, நிறங்களைப் பிரித்துக் காட்டும் சேனல்களில் சிவப்பை மட்டும் திறந்து பாருங்கள். பழுப்பும் மஞ்சளும் பெருமளவு வெளுத்துவிடும். கறுப்பு மை அப்படியே நிற்கும். அடிவரைவு வெளிர்நீலப் பென்சிலில் இருந்தால் நேர்மாறு: நீல சேனலில் அந்தப் பென்சில் கோடு ஏறக்குறைய மறைந்துபோகும். ரப்பரால் அழித்து மையைத் தேய்க்க வேண்டியதே இல்லை. அச்சகங்களில் பக்கத்தைப் படம்பிடித்துத் தகடு செய்த காலத்திலேயே ஓவியர்கள் வெளிர்நீலத்தில் வரைந்ததற்கும் காரணம் இதுதான். அன்றைய பிலிமில் அந்த நீலம் பதியாது.

● ‘மல்டிபிளை’ என்ற லேயர் (பட அடுக்கு) முறை பெயருக்கேற்பப் பெருக்கல் கணக்குத்தான். வெள்ளையின் மதிப்பு 1, கறுப்பின் மதிப்பு 0. கோட்டு லேயரை மேலே வைத்து இந்த முறைக்கு மாற்றினால், வெள்ளை இருந்த இடமெல்லாம் அடியிலுள்ள வண்ணம் மாறாமல் தெரியும். கறுப்பு எப்போதும் கறுப்பாகவே இருக்கும். தாளில் லேசான சாம்பல் படிந்து அதன் மதிப்பு 0.95 ஆகியிருந்தால்? படத்தின் எல்லா வண்ணமும் ஐந்து விழுக்காடு மங்கும். அதனால் ‘லெவல்ஸ்’ கருவியில் தாளை முழு வெள்ளையாக்குவது முதல் வேலை. பலர் இதை விட்டுவிட்டு, வண்ணம் ஏன் அழுக்காகத் தெரிகிறது என்று கடைசிவரை தேடிக்கொண்டிருப்பார்கள்.

● பாத்திக் துணியில் சந்திங் என்ற மெழுகூற்றும் கருவியால் இழுத்த கோடு ஓரிடத்தில் அறுந்திருந்தாலும் சாயம் அடுத்த கட்டத்துக்குள் பாய்ந்துவிடும். கணினியில் வண்ணம் நிரப்பும் பக்கெட் கருவியும் அப்படியே: தூரிகை துள்ளிய ஒரு சிறு இடைவெளி போதும், சட்டையின் சிவப்பு வானம் வரை பரவும். இதற்கு விடை தேடிய டேனியல் சீகோராவும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் ‘லேசிபிரஷ்’ என்ற முறையை வெளியிட்டார்கள். இங்கே ஒரு கீற்று, அங்கே ஒரு கீற்று என்று வண்ணத்தைக் கோடிட்டுக் காட்டினால் போதும். எல்லை எங்கே என்பதைக் கணினியே கணித்து நிரப்பும். 2018-இல் வந்த கிரித்தா 4.0 ஓவிய மென்பொருளில் இதை ஒட்டிய வசதி இருக்கிறது. 2019-இல் கிம்ப் மென்பொருளின் 2.10.10 பதிப்பிலும் இடைவெளியை அடைத்து நிரப்பும் வசதி சேர்ந்தது. இரண்டும் இலவசம். பள்ளிக் கணினி அறையிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

● நிரப்பிய வண்ணத்துக்கும் கோட்டுக்கும் நடுவே மெல்லிய வெள்ளை ஓரம் தெரிகிறதா? கோட்டின் விளிம்பிலுள்ள சாம்பல் பிக்சல்களைப் பக்கெட் தொடவில்லை என்று பொருள். வண்ணப் பகுதியை இரண்டு பிக்சல் விரித்துக் கோட்டுக்கு அடியில் நுழைத்துவிடுங்கள்.

● கோடு தனி, வண்ணம் தனி என்ற ஏற்பாடு கணினிக்கு முந்தியது. டின்டின் படக்கதைகளில் ஓவியர் எர்ஜேயின் கறுப்புக் கோடு ஒரு பிலிமில் தனியாக இருக்கும். வண்ணத்தை வெளிர்நீலத்தில் அச்சிட்ட இன்னொரு பிரதியின்மேல் தீட்டுவார்கள். டிஸ்னி நிறுவனம் 1990-இல் வெளியிட்ட ‘தி ரெஸ்கியூவர்ஸ் டவுன் அண்டர்’ முழுவதும் கணினியில் வண்ணமிடப்பட்டது. அதிலும் பென்சில் கோட்டை ஸ்கேன் செய்து தனியே வைத்துக்கொண்டுதான் நிறம் நிரப்பினார்கள்.

● ஜொகூரின் 70 தமிழ்ப்பள்ளிகளில் ஆண்டு மலர் போடுகிற ஆசிரியர்கள் கவனிக்க: ஸ்கேன் செய்த கறுப்பை அப்படியே அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறமுறைக்கு மாற்றினால் அது நான்கு மைகளின் கலவையாகிவிடும். அச்சில் தாள் இம்மி விலகினாலும் கோட்டின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப்பார்க்கும். கோட்டைக் கறுப்பு மைத் தகட்டில் மட்டும் வைத்து, வண்ணத்தின்மேல் ‘ஓவர்பிரின்ட்’ செய்யச் சொல்லுங்கள்.

● ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்கு ஆனந்த விகடனில் கோபுலு வரைந்த கோடுகளைப் பாருங்கள். புடவையின் மடிப்பு, மிருதங்கத்தின் கனம், முகத்தின் குறும்பு எல்லாம் மையிலேயே வந்துவிட்டன. அத்தகைய படத்துக்கு ஒரே சீரான தட்டை நிறம் போதும். மினுமினுப்பும் நிழல் சரிவும் ஏற்றுவது ஓவியரின் கைக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

● ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. கறுப்பும் வெள்ளையும் முட்டிக்கொள்ளும் இடத்தில் கொசு மொய்த்ததுபோல் புள்ளிகள் கிளம்பும். பக்கெட் கருவி அவற்றில் சிக்கிக்கொள்ளும். ஸ்கேனைப் பிஎன்ஜி அல்லது டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். நண்பர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால், புகைப்படமாக அல்லாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பும்படி கேளுங்கள்.