மௌனமான வாடிக்கையாளர்

தீபாவளிப் பலகாரம் விற்கும் சிறு வணிகர் ஒருவரிடம் ஆயிரம் மின்னஞ்சல் முகவரிகள் இருக்கலாம். ஆயினும் அவற்றுள் பல, மாதக் கணக்கில் மௌனமாகவே இருக்கும். அவர்களுக்கும் தொடர்ந்து அனுப்பினால் என்ன நட்டம்?

நட்டம் உண்டு. பெறுநர்கள் 'குப்பை அஞ்சல்' என்று புகார் செய்யும் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக்கூடாது என்பது 2024 முதல் ஜிமெயில், யாகூ நிறுவனங்களின் விதி. அதாவது, ஆயிரம் மடலுக்கு மூன்று புகாரே ஆபத்து. அதன்பின், ஆவலோடு காத்திருப்பவருக்கு அனுப்பும் மடலும் குப்பைப் பெட்டிக்குள் விழக்கூடும்.

அப்படியானால் மௌனமானவர்களை மீட்பது எப்படி?

முதலில், யார் மௌனமானவர் என்று சரியாகக் கணிக்க வேண்டும். 'மடல் திறக்கப்பட்டது' என்ற கணக்கை மட்டும் நம்பலாகாது. 2021இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய தனியுரிமை வசதி, படிக்காத மடலையும் திறந்ததாகக் காட்டிவிடும். கடைசியாகப் பொருள் வாங்கிய நாளே நல்ல சான்று. ஆண்டுக்கொரு முறை முறுக்கு வாங்குபவர் ஜூன் மாதத்தில் மௌனமாக இருப்பது இயல்பு. இரண்டு தீபாவளிகளுக்கு வாங்காதவரே விலகியவர்.

அடுத்து, தீபாவளிக்கு ஆறு வாரங்களுக்கு முன்பு அவர்களுக்கு மட்டும் ஒரு சிறு மடல் அனுப்பலாம். "இனியும் எங்கள் மடல் வேண்டுமா?" என்ற ஒரே கேள்வி போதும். 'வேண்டும்', 'வேண்டாம்' இரண்டும் ஒரே சொடுக்கில் முடிய வேண்டும். இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையேல் முகவரியை நீக்கிவிடுவதே நன்று.

பட்டியல் சுருங்கும், ஆனால் எஞ்சியவர்களிடம் மடல் போய்ச் சேரும்.